மாற்றுத் தோள்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
22-7-1973

அன்புள்ள பேத்தி காந்தாவுக்கு, உன் தாத்தா ஆதிகேசவன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுத்துகள் ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று கீழே இறங்குகிறது. மன்னித்துக்கொள். இந்த நாலு வரிக்கு ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது, விரல் வலிக்கிறது. முப்பத்தெட்டு வருஷம் பெருமாளைத் தோளில் சுமந்தவனுக்குப் பேனா கனக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

நானும் உன் அம்மா பூவம்மாளும் சுகமாக இருக்கிறோம். அவளுக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது. உனக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நெசவாளர் சங்கத்துக் கட்டடத்தில் சாமுவேல் வாத்தியார் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார் அல்லவா, அதில் எட்டு மாதமாகப் போகிறேன். இருபத்திரண்டு பேர் சேர்ந்தோம், ஆறு பேர் மிஞ்சியிருக்கிறோம். ஆறு பேரில் நான்தான் கிழவன். போன வெள்ளிக்கிழமை வாத்தியார், "பெரியவரே, இனிமே உங்க லெட்டரை நீங்களே எழுதலாம்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். பதினைந்து வருஷமாக ஒரே கடையில் வெற்றிலை வாங்குகிறேன். அந்தக் கடைக்கு என்ன பெயர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் அடுத்த வீட்டுக் கோதண்டபாணி எழுதியது. நான் ஒன்று சொன்னால் அவன் அழகுக்காக இன்னொன்று சேர்ப்பான். உன் கடிதத்தையும் அவனே உரக்கப் படிப்பான், தெருவே கேட்கும். இனிமேல் நீ எழுதுவது என் ஒருவன் கண்ணுக்குத்தான். பெரிய எழுத்தாக எழுது.

உன்னைக் கூடைப்பந்து அணியில் சேர்த்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தாய். கோதண்டபாணி அதைப் படித்துவிட்டு, "காலேஜ்ல கூடை முடையச் சொல்லித் தராங்க போலக்குதுபா" என்றான். உன் அம்மா, "படிக்க அனுப்பினா பந்து ஆடிக்கினு இருக்குதா" என்றாள். அது என்ன ஆட்டம், எத்தனை பேர் ஆடுவார்கள், அதில் உன் வேலை என்ன, எல்லாம் எழுது.

உன் நன்மையையே நினைக்கும் தாத்தா,
ஆதிகேசவன்


சென்னை,
29-7-1973

அன்புள்ள தாத்தாவுக்குக் காந்தாவின் வணக்கம்.

நான் நலம். ஹாஸ்டலில் குழம்பு மட்டும்தான் தண்ணீராக இருக்கிறது, மற்றதெல்லாம் ஒத்துக்கொண்டுவிட்டது. உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். கையெழுத்து நன்றாகவே இருக்கிறது. பேனாவை அவ்வளவு அழுத்தவேண்டாம், தாள் பின்பக்கம் புடைத்திருக்கிறது.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மைதானத்தின் இரண்டு முனையிலும் பத்தடி உயரத்தில் ஓர் இரும்பு வளையம், அதில் அடியில்லாத வலை. அதுதான் கூடை. எதிரணிக் கூடையில் நாம் பந்தைப் போடவேண்டும், நம்முடையதில் அவர்கள் போடாமல் தடுக்கவேண்டும். இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி.

ஓர் அணிக்குப் பத்துப் பேர். ஆனால் ஒரே சமயத்தில் ஐந்து பேர்தான் ஆடலாம். மற்ற ஐந்து பேர் ஓரமாகப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஆட்டம் முழுக்க ஓட்டம்தான். அதனால் எங்களைப் பழக்கும் மிஸ் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருத்திக்கு மூச்சு வாங்கினாலோ, இடித்துத் தள்ளி ஃபவுல் அதிகமானாலோ, பெஞ்சிலிருந்து ஒருத்தியை அனுப்பிவிட்டு அவளை வெளியே கூப்பிட்டுக்கொள்வார். வெளியே வந்தவள் இளைப்பாறிவிட்டு மறுபடி போகலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். ஐந்து ஃபவுல் ஆகிவிட்டவள் மட்டும் திரும்ப ஆட முடியாது.

எங்கள் கேப்டன் பெயர் மேரி. ஆரம்பத்திலிருந்தே ஆடுபவள். நான் பெஞ்சில் இருப்பவள். இரண்டு ஆட்டம் நடந்திருக்கிறது, இரண்டிலும் ஜெயித்தோம். மிஸ் என்னை இன்னும் உள்ளே அனுப்பவில்லை.

அம்மாவைக் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புப் பேத்தி,
காந்தா


பிள்ளையார்பாளையம்,
12-8-1973

அன்புள்ள காந்தாவுக்குத் தாத்தா எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். அங்கு நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை யார் துணையும் இல்லாமல் படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. முடித்ததும் எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன், உட்காரவே முடியவில்லை. ஐந்து பேர் ஓடும்போது ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதை யார் கண்டுபிடித்தது? எந்தத் தேசத்தாராக இருந்தாலும் அவர்கள் சாமி தூக்கினவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

நீ சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறாய், ஆனால் உள்விஷயம் உனக்குத் தெரியாது. வாகனத்துக்கு அடியில் கட்டியிருக்கும் வாரை மரத்தில் பதினாறு பேர் தோள் கொடுத்தால், இன்னும் பதினாறு பேர் வெறும் தோளோடு கூடவே நடப்பார்கள். புறப்படும்போது தூக்குகிறவனுக்கு மேளம், தீவட்டி, பார்க்கிற கூட்டம் எல்லாம் உண்டு. அப்போது யார் தூக்கினாலும் வாகனம் நகரும். ஊரெல்லாம் சுற்றிப் பத்து மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, கோயிலுக்குள் அந்தக் கல் படிகளில் ஏற்றவேண்டுமே, அதற்குத்தான் ஆள் வேண்டும். எங்கள் கூட்டத்துப் பெரியவர் அந்த ஆட்களை முதலில் தூக்கவிட மாட்டார். வழியில் கொஞ்சம் தூக்குவோம், மீதியெல்லாம் சும்மா நடப்போம். தெரியாதவன் பார்த்தால் இவன் எதற்குத் தண்டமாக வருகிறான் என்று நினைப்பான். படி வந்ததும் தெரியும். அந்த முப்பத்தெட்டு வருஷமும் நான் படிக்கு வைத்த ஆள்.

உன் மிஸ் மகா கெட்டிக்காரி. உன்னை எதற்கு உட்காரவைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

உன் அம்மா முதலில், "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு அங்க எதுக்கு? ரூம்ல குந்திப் படிக்கட்டும். விட்டுட்டு வரச் சொல்லுபா" என்றாள். நான் படி விஷயத்தைச் சொன்னேன். பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்படின்னா இருக்கட்டும்" என்றாள்.

கோதண்டபாணியிடமும் சொன்னேன். "உன் பேத்தி ஆடுதா, குந்திக்கினு இருக்குதா?" என்று கேட்டான். "குந்த வெச்சிருக்காங்கபா. படிக்கு வெச்சிருக்காங்க" என்றேன். இப்போது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

நல்லபடியாக உட்கார்ந்திரு. உடம்பைப் பார்த்துக்கொள்.

பெருமையோடு உன் தாத்தா,
ஆதிகேசவன்


சென்னை,
2-9-1973

அன்புள்ள தாத்தாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. மாதப் பரீட்சை இருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

நான்கு ஆட்டம் முடிந்துவிட்டது. மூன்றில் ஜெயித்தோம். நான்கிலும் நான் பெஞ்சில்தான் இருந்தேன். நவம்பர் மூன்றாம் தேதி சனிக்கிழமை எங்கள் கல்லூரி மைதானத்திலேயே ஒரு பெரிய ஆட்டம் இருக்கிறது. போன வருஷம் கோப்பை வாங்கிய கல்லூரியோடு.

நீங்கள் படியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி உங்களுக்கு ஒன்று எழுதவேண்டும் என்று நினைத்தேன். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, பிறகு எழுதுகிறேன். கோதண்டபாணி மாமாவிடம் ரொம்பச் சொல்லவேண்டாம்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

காந்தா


பிள்ளையார்பாளையம்,
16-9-1973

அன்புள்ள காந்தாவுக்கு ஆசீர்வாதம்.

நாங்கள் சௌக்கியம். மழை இரண்டு நாள் பெய்தது, கூரை ஒழுகவில்லை.

சாமுவேல் வாத்தியாரிடம் உன் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் செங்கல்பட்டில் படிக்கும்போது பார்த்திருக்கிறாராம். கரும்பலகையில் பாடத்தை அழித்துவிட்டு மைதானத்தைப் போட்டுக் காட்டினார். அன்று ஆறு பேரும் எழுதவில்லை. பெஞ்சை எங்கே போடுவார்கள் என்று நான் கேட்டேன். "பெரியவர் ஒருத்தர்தான்யா பெஞ்சைப் பத்திக் கேக்கறாரு" என்று சிரித்துவிட்டு ஓரத்தில் ஒரு கோடு போட்டார்.

எனக்குச் சில சந்தேகங்கள். எங்களில் மாற்று ஆள் சட்டென்று உள்ளே நுழைய மாட்டான். வாரையை ஒட்டி இருபது அடி நடந்து, மற்றவர்கள் நடையைப் பிடித்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் தோளைக் கொடுப்பான். இல்லாவிட்டால் வாகனம் குலுங்கும், பட்டர் மேலே இருந்து திட்டுவார். உள்ளே போகிறவள் ஓட்டத்தை எப்படிப் பிடிக்கிறாள்? அவளும் மைதானத்து ஓரமாக ஓடிக்கொண்டே போவாளா? உட்கார்ந்திருந்த கால் உடனே எப்படி ஓடுகிறது? வெளியே வருகிறவளும் உள்ளே போகிறவளும் ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்லிக்கொள்வீர்களா? இதையெல்லாம் நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயம் நடக்கிற ஊருக்கு நான் இரண்டே தடவை வந்திருக்கிறேன், இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்கு.

நவம்பர் மூன்றாம் தேதி நான் வருகிறேன். வாத்தியார் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார். கோதண்டபாணியும் வருவானாம். நீ படியேறுவதைப் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறான்.

எழுதுவதாகச் சொன்ன விஷயத்தை எழுது.

உன் வரவுக்கும் கடிதத்துக்கும் காத்திருக்கும் தாத்தா


பிள்ளையார்பாளையம்,
7-10-1973

காந்தாவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? தபால்காரர் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிக்கொண்டே போய்விடுகிறார். உன் அம்மாவுக்குக் கவலையாக இருக்கிறது. எனக்குக் கவலை இல்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு வரி எழுதினால் போதும்.

தாத்தா


சென்னை,
14-10-1973

அன்புள்ள தாத்தாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கவலைப்பட வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் மூன்றாம் தேதி நீங்கள் வரவேண்டாம்.

என்னைப் படிக்கு வைக்கவில்லை, தாத்தா. இந்த ஆட்டத்தில் நன்றாக ஆடுகிறவர்கள் முதலிலேயே ஆடுவார்கள், கடைசியிலும் அவர்களேதான் ஆடுவார்கள். அவர்களுக்கு அடுத்தபடியாக இருக்கிறவர்கள்தான் பெஞ்சு. அந்தப் பெஞ்சிலும் நான் கடைசி, பத்தாவது ஆள். ஆறு ஆட்டம் முடிந்துவிட்டது, ஒரு நிமிடம்கூட உள்ளே போனதில்லை. துண்டு எடுத்துக் கொடுக்கிறேன். தண்ணீர் கொடுக்கிறேன். மழை பெய்தால் சாக்கு வைத்துச் சிமெண்டுத் தரையைத் துடைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே இதை எழுதியிருக்கவேண்டும். நீங்கள் எழுதியது படிக்க நன்றாக இருந்தது. ஒரு வாரம் அது உண்மை மாதிரி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தெருவெல்லாம் வேறு சொல்லிவிட்டிருந்தீர்கள், அப்புறம் எழுதக் கை வரவில்லை.

தீபாவளிக்கும் நான் வரவில்லை. கோதண்டபாணி மாமா கேட்டால் என்ன சொல்வேன்? அணியை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அம்மா சொன்னதுதான் சரி.

என்மேல் கோபம் வேண்டாம்.

காந்தா


சென்னை,
5-11-1973

அன்புள்ள தாத்தாவுக்கு வணக்கம்.

நீங்களும் அம்மாவும் நலமா? தீபாவளிக்கு அம்மா அனுப்பிய அதிரசம் வந்தது. அதோடு உங்கள் கடிதம் இருக்கும் என்று தேடினேன். இல்லை. மூன்று வாரமாக நீங்கள் பதில் எழுதவில்லை. கோபம் என்று தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை அந்தப் பெரிய ஆட்டம் நடந்தது. தூறலில் நடந்தது. இரண்டாம் பாதியில் பெஞ்சிலிருந்து உள்ளே போன ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, ஆடிக்கொண்டிருந்த மூன்று பேர் ஐந்து ஃபவுலில் வெளியே போய்விட்டார்கள். மேரிக்கு நான்கு ஃபவுல், கெண்டைக்காலில் சதை வேறு பிடித்துக்கொண்டது. மிஸ் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஒன்றரை நிமிடம் ஆடினேன். உள்ளே போகும்போது நாங்கள் 38, அவர்கள் 37. வெளியே வரும்போதும் அதுதான். பந்து என் கைக்கு ஒரே தடவை வந்தது, உடனே வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டேன். மேரி கால் நீவிக்கொண்டு திரும்பி வந்து ஆறு புள்ளி எடுத்தாள். 44-41 என்று ஜெயித்தோம். அறிவிப்புப் பலகையில் எல்லோர் பெயரும் போட்டிருக்கிறார்கள். என் பெயருக்கு நேரே சுழி.

இதைக் கோதண்டபாணி மாமாவிடம் சொல்லவேண்டாம். மிஸ்ஸிடம் போய் அணியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். "இந்த மாசம் முடியட்டும், யோசிச்சிட்டு வந்து சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

காந்தா


பிள்ளையார்பாளையம்,
18-11-1973

அன்புள்ள என் பேத்தி காந்தாவுக்குத் தாத்தா எழுதுவது.

நான் சுகம். உன் அம்மா சுகம். எனக்குக் கோபம் இல்லை. எழுத நிறைய இருந்தது, கை அவ்வளவு வேகமாகப் போகாது. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து உட்கார்ந்து எட்டு நாளாக எழுதுகிறேன்.

உன்னைப் படிக்கு வைக்கவில்லை என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்றே கோதண்டபாணி வீட்டுக்குப் போனேன். அவன் சாயப் பட்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். "நான் சொன்னது தப்புபா. காந்தா படிக்கு வெச்ச ஆளு இல்ல. மாத்து ஆளு. அதுலயும் கடைசி" என்றேன்.

"அப்பவே நெனச்சேன். அப்போ சும்மாதான் குந்திக்கினு இருக்குதா?" என்றான்.

"தெரியல. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"குந்திக்கினு இருக்கறதைப் பார்க்க மெட்ராஸ் போவியா?"

"போவேன்" என்றேன். அவன் வரவில்லை.

ஆகையால் காந்தா, மூன்றாம் தேதி சனிக்கிழமை நான் வந்தேன். நீ வரவேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் கண்ணில் படாமல் இருந்ததால் பாதிச் சொல்லையாவது கேட்டுவிட்டேன். வாத்தியாரும் நானும் மாறி மாறிக் குடை பிடித்தோம். பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம், கயிறு கட்டியிருந்த இடத்தில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றோம். முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடவேண்டியதாகிவிட்டது.

யார் பந்து போட்டார்கள் என்று என்னைக் கேட்காதே. கூட்டம் கத்தியபோதெல்லாம் வாத்தியார்தான் எனக்குச் சொன்னார். நான் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதுக்குள் எத்தனையோ பார்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன், இதைப் பார்த்ததில்லை.

ஒருத்தி எழுந்து உள்ளே போனால் மற்றவர்கள் ஓர் இடம் நகர்ந்து உட்காருகிறீர்கள், வெளியே வருகிறவளுக்கு மிஸ் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. இதை யாரும் சொல்லவில்லை, தானாக நடக்கிறது. வருகிறவள் உட்காருவதற்கு முன்னால் உன் கையில் துண்டு இருக்கிறது. உள்ளே ஓடுகிறவர்கள் இந்தப் பக்கம் போனால் பெஞ்சில் உன் முழங்கால் இந்தப் பக்கம் திரும்புகிறது. அவர்கள் குதித்தால் உன் குதிகால் தரையை விட்டு எழும்புகிறது. நீ உட்கார்ந்திருக்கவே இல்லை. நடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்துகொண்டிருந்தாய். ஓரமாக ஓடுவாயா என்று நான் கேட்டேனே, அதற்கு நீ பதில் எழுதவில்லை. நானே பார்த்துக்கொண்டேன்.

ஒரு தடவை மேரி வந்து உட்கார்ந்தபோது அவள் காதில் என்னவோ சொல்லி, எதிரணியில் ரெட்டைப் பின்னல் போட்ட உயரமான பெண்ணைக் கட்டைவிரலால் காட்டினாய். மேரி திரும்பப் போய் அந்தப் பெண்ணுக்கு இடது பக்கமாக நின்றுகொண்டாள். அதற்கப்புறம் அந்தப் பெண் திணறினாள். "பார்த்தீங்களா, உங்க பேத்தி எதையோ கண்டுபுடிச்சிருக்குது" என்றார் வாத்தியார். என்ன சொன்னாய்?

பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். என் கையிலிருந்த குடைக்காம்பை வாத்தியார் பிடுங்கிக்கொண்டார், நான் அதை ஒடித்துவிடுவேன் என்று பயம்.

நீ ஒன்றரை நிமிடம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது எவ்வளவு என்று தெரியாது. அந்த ரெட்டைப் பின்னல் பெண் எங்கே போனாலும் நீ அவளுக்கு முன்னால் இருந்தாய். அவர்கள் அவளுக்குப் பந்தைக் கொடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. விசில் ஊதிப் பந்தை நம்மிடம் கொடுத்துவிட்டார்கள். பந்தை முப்பது எண்ணுவதற்குள் கூடைக்கு எறியவேண்டும் என்று சட்டமாம். நம் பெண்கள் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தார்கள், உனக்கும் வந்தது, நீயும் கொடுத்தாய். கூட்டத்தில் ஒருவரும் கத்தவில்லை. கத்துவதற்கு ஒன்றும் நடக்கவில்லை. எதிரில் மேரி கீழே உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள், மிஸ் நீவிவிட்டார். அவள் முகத்தில் வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை இங்கிருந்தே பார்த்தேன். அவள் காலைச் சரிசெய்துகொள்ளும் வரை அந்த மைதானத்தில் ஒன்றும் நடக்காமல் நீ பார்த்துக்கொண்டாய்.

பஸ்ஸில் வரும்போது எனக்குத் துரைக்கண்ணு ஞாபகம் வந்தது. உனக்கு அவனைத் தெரியாது. எனக்கு மாற்றுத் தோள் கொடுத்தவன். நடு வழியில் மோர் குடிக்க நான் வாரையை விட்டு வெளியே வந்தால் அவன் உள்ளே போவான். நான் திரும்பினால் அவன் வெளியே வருவான். இருபது வருஷம். படியேறும்போது அவன் எங்கே இருப்பான் என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. படிக்கு வைத்த ஆள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேனே, அவன் பெயரை உனக்கு எழுதினேனா? எழுதத் தோன்றவே இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமையே செவிலிமேட்டில் அவன் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். எருமைக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தான்.

"யாரு, கேசவனா? இன்னாபா, வழி தப்பி வந்துட்டியா?"

"மோர் குடிக்க வந்தேன்" என்றேன்.

உள்ளே போய்ச் செம்பில் கொண்டுவந்தான். "மெதுவாக் குடி. இப்போ என் தோள் மேல ஒண்ணுமில்ல, எனக்கு அவசரமில்ல" என்றான்.

"நான் அப்போ லேட்டு பண்ணுவேனா?"

"ஒருநாளாவது சீக்கிரம் வந்திருக்கியா? மோரைக் குடிச்சிட்டு வெத்தலை வேற போடுவ. தெரிஞ்சவன் வந்தா நின்னு பேசுவ. நான் இன்னா பண்றது, பெருமாளைக் கீழ வைக்க முடியுமா?"

"ஏன்டா ஒருநாளும் சொல்லல?"

"நீ படி ஏறணும். உன்கிட்ட மூச்சு இருந்தாத்தானே ஏறுவ" என்றான். சாதாரணமாகச் சொல்லிவிட்டு எருமை பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் வலது தோளிலும் என்னுடையதைப் போலவே காய்ப்பு இருக்கிறது, காந்தா. ஒரே அளவு. தொட்டுப் பார்த்தேன். "கூச்சமா இருக்குதுபா, கையை எடு" என்றான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் சொன்னேன். கோதண்டபாணியும் வந்து நின்றான். "அப்போ இன்னாதான் பண்ணுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டான். பார்த்ததை அப்படியே சொன்னேன். "ஒண்ணுமே நடக்கலன்னு சொல்றதுக்கு இவ்வளவு நேரமா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். சிரிக்கட்டும். அவன் எதையும் தோளில் தூக்கினதில்லை.

உன் அம்மா சிரிக்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்த இழையை முடிந்து வைத்தாள். பிறகு, "அந்த ஒசரமான பொண்ணு இவளை இடிக்கலையே?" என்று கேட்டாள். இடித்தாள், இவள் நகரவில்லை என்றேன். "யார் காலு வலிக்குதோ அந்தப் பொண்ணு மறுபடியும் வர்ற வரைக்கும் நின்னாளா?" என்றாள். நின்றாள் என்றேன்.

நீ மிஸ்ஸிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. அது உனக்கும் அவருக்கும் உள்ள விஷயம், நான் அதில் கை வைக்க மாட்டேன். உன் அம்மா ஒன்று மட்டும் எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். விட்டுவிட்டு வா என்று தான் சொன்னதை இனிமேல் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டாமாம். அடுத்த ஆட்டம் எந்தத் தேதி என்று கேட்டு எழுதச் சொல்கிறாள். தானும் வருகிறாளாம். அன்றைக்குப் பெஞ்சை எந்தப் பக்கம் போடுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லதாம், எதிர்ப்பக்கம் போய் இடம் பிடிக்கவேண்டும், பின்னால் நின்றால் தனக்குத் தெரியாது என்கிறாள்.

விரல் மரத்துவிட்டது. துரைக்கண்ணு சொன்னதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன், மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் தாத்தா,
ஆதிகேசவன்